நான் பார்க்காத எண்

"வீட்ல அளந்தப்ப எத்தனை இருந்துச்சு?" என்று டாக்டர் லம்யா கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருடமாக ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிறவன் நான். கண்ணால் பார்க்காத எண்ணை ஒரு நாளும் எழுதியதில்லை. என் மகளின் எண்ணை மட்டும் நான் பார்த்திருக்கவில்லை. பார்த்தவள் வீட்டில் இருந்தாள்.

சிரீன் பிறந்து அன்றைக்கு இருபத்து நாலு நாள். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் முடியும்வரை வாசலைத் தாண்டுவது எங்கள் குடும்பத்தில் இல்லை. அதனால் காலையில் என் மனைவி ஒல்ஃபா தெர்மாமீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு "காய்ச்சல் அடிக்குது" என்று சொன்னதும், என் அக்கா நஜாத்தான் குழந்தையைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டாள். நான் கார் சாவியைத் தேடினேன். தடுப்பூசி அட்டையைத் தேடினேன். ஒல்ஃபா வாசல்வரை வந்து ஏதோ சொன்னாள். எண்ணைச் சொன்னாளா? சொல்லியிருப்பாள். என் காதில்தான் விழவில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலிலேயே நர்ஸ் பஸ்மா குழந்தையின் அக்குளில் வைத்துப் பார்த்தாள். முப்பத்தாறு புள்ளி ஒன்பது.

"காய்ச்சல் இல்லையே," என்றாள்.

"நான்தான் கார்லயே சொன்னேனே," என்றாள் அக்கா. "அறைக்குள்ள ஹீட்டரு, மேல மூணு போர்வை. யாரா இருந்தாலும் சூடாத்தான் இருப்பாங்க. வா தம்பி, போலாம்."

எனக்கும் போகத்தான் ஆசை. அங்கே உட்கார்ந்திருந்த எல்லாக் குழந்தைகளும் இருமிக்கொண்டிருந்தன. ஆனால் பஸ்மா தடுப்பூசி அட்டையில் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, "ஒரு மாசம்கூட ஆகலை. டாக்டர் பார்க்காம அனுப்ப மாட்டோம்," என்று எங்களை நேரே உள்ளே கூட்டிப் போய்விட்டாள். வரிசையில் எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் முறைத்தார்கள். காய்ச்சல் இல்லாத குழந்தைக்கு எதற்கு முதலிடம் என்று எனக்கே புரியவில்லை.

டாக்டர் லம்யாவுக்கு என்னைவிட வயது குறைவாக இருக்கும். சிரீனின் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தார், கால்களை மடக்கி நீட்டினார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகுதான் வீட்டில் எத்தனை இருந்தது என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார். அடுத்த கேள்வி, "மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்ல," என்றாள் அக்கா, நான் வாயைத் திறப்பதற்குள்.

"சரி. உங்ககிட்ட வெளிப்படையா சொல்லிடறேன். வீட்ல தெர்மாமீட்டர்ல முப்பத்தெட்டைத் தொட்டிருந்தா, இங்க வந்து இறங்கியிருந்தாலும் அது காய்ச்சல்தான். ரத்தம், சிறுநீர், முதுகுத்தண்டு நீர் மூணும் எடுத்துப் பார்க்கணும். மருந்தும் உடனே ஆரம்பிக்கணும். ரெண்டு நாளாவது இங்க இருக்கணும். தொடலைன்னா, இங்கயே வெச்சுக் கொஞ்ச நேரம் பார்க்கலாம்."

"முதுகுத்தண்டா?" அக்கா குழந்தையை என்னிடமிருந்து பிடுங்காத குறை. "அங்க ஊசி போட்டா பிள்ளைக்குக் காலு வராம போயிடும். எங்க தெருவுல ஒருத்தி சொன்னா. இவ நல்லா சிரிச்சிக்கிட்டு இருக்கா, பாருங்க."

"இந்த வயசுல அது சிரிப்பு இல்லம்மா. முகத்தைப் பார்த்து ஒண்ணும் சொல்ல முடியாத வயசு. அதான் எங்க கஷ்டமே." டாக்டர் திரும்பித் தன் இடுப்புக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். "தண்டு மேலயே முடிஞ்சிடும். நாங்க குத்தறது இங்க, அதுக்கும் கீழ. யாருக்கும் கால் போகாது." பிறகு என்னைப் பார்த்தார். "அளந்தது யாரு?"

"என் மனைவி."

"அவங்களையே கேளுங்க."

ஒல்ஃபா முதல் மணியிலேயே எடுத்தாள். "முப்பத்தெட்டு புள்ளி நாலு," என்றாள், நான் கேட்பதற்கு முன்பே. "ரெண்டு தடவை பார்த்தேன். டாக்டர் என்ன சொல்றாங்க?"

"இங்க முப்பத்தாறு புள்ளி ஒன்பதுதான் காட்டுது."

அக்கா என் தோளுக்குப் பின்னாலிருந்து பேசினாள். "அவ தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? நேத்து டி.வி. ரிமோட்டை ஃப்ரிட்ஜில வெச்சிருந்தா. வெண்ணெய்ப் பக்கத்துல. அவ பார்த்த நம்பரை வெச்சிக்கிட்டா பச்சப் பிள்ளை முதுகுல குத்தப் போற?"

ரிமோட் விஷயம் உண்மை. நேற்று மூன்று பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஒல்ஃபாதான் அதிகம் சிரித்தாள்.

அக்கா பேசியது தொலைபேசியில் ஒல்ஃபாவுக்கும் கேட்டிருக்கிறது.

"ஹாத்தெம், எனக்கே இப்ப குழப்பமா இருக்கு," என்றாள். "முப்பத்தேழை முப்பத்தெட்டுன்னு பார்த்துட்டேனோ என்னவோ. ஆனா அவ பால் குடிச்சது சரியில்ல. ரெண்டு வாய் குடிச்சிட்டு விட்டுட்டா. அவ அப்படி விடமாட்டா. நீ என்ன நினைக்கிற?"

நான் என்ன நினைத்தேன்? ஒரு காதில் அக்கா, ஒரு காதில் மனைவி, கண்ணெதிரே மருத்துவமனையின் எண். அக்கா மூன்று வாரமாகத் தன் தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்து எங்களுக்குச் சமைத்துப் போடுகிறாள். அவள் எங்களுக்குக் கெடுதல் நினைப்பாளா? டாக்டர் நேரத்தைப் பார்த்தார். அவசரப்படுத்தவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது சம்பந்தமில்லாமல் ஒரு படிக்கட்டு நினைவுக்கு வந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் மீட்டர் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுப் பெண் கையெல்லாம் மாவோடு பின்னாலேயே ஓடிவந்து, "நீங்க எழுதினது தப்பு. அது ஒண்ணு, ஏழு இல்ல," என்றாள். மீட்டர் பார்ப்பது என் வேலை என்று நான் விறைப்பாகச் சொன்னேன். அவள் நகரவில்லை. திரும்ப ஏறிப் போய்ப் பார்த்தேன். அது ஒன்றுதான். அடுத்த மாதம் அந்த வீட்டு மீட்டரை நான் மூன்று முறை பார்த்தேன். மீட்டருக்காக இல்லை, ஒல்ஃபாவுக்காக.

"முப்பத்தெட்டு புள்ளி நாலு," என்றேன் டாக்டரிடம். "எழுதிக்கோங்க."

"தம்பி," என்றாள் அக்கா.

"எழுதிக்கோங்க டாக்டர்."

தொலைபேசியில் ஒல்ஃபா, "நான் வரேன்," என்றாள். என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் வைத்துவிட்டாள்.

டாக்டர் தாளில் எழுதினார். பஸ்மா, சோதனைகளுக்கு முன்னால் உடம்பின் உள்சூட்டைச் சரியாக அளக்கவேண்டும் என்று குழந்தையின் டயப்பரைப் பிரித்தாள். தெர்மாமீட்டரை வைக்கப் போன கை அப்படியே நின்றது. விரலில் ஏதோ வழுவழுப்பாக ஒட்டியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளையாக, உருகிய மெழுகு மாதிரி.

"பின்னால வைக்கிற காய்ச்சல் மருந்து இது," என்றாள். "யார் வெச்சது?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அரை மருந்துதான்," என்றாள். "என் பையனுக்கு வாங்கினது மிச்சம் இருந்துச்சு. கத்தியால பாதியா வெட்டி வெச்சேன். அவ அளந்துட்டு உன்னை எழுப்ப வந்தப்ப. பிள்ளை கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஆஸ்பத்திரி, ஊசின்னு நீங்க ரெண்டு பேரும் பயந்து சாகவேணாமேன்னு…"

"கொதிச்சுதா?"

"கொதிச்சுது."

"அப்புறம் ஏன்க்கா ஒல்ஃபாவுக்கு நம்பர் தெரியலைன்னு சொன்ன?"

"இங்க வந்து பார்த்தா இல்லையே. எனக்கே சந்தேகம் வந்திடுச்சு. நான்தான் தப்பா தொட்டுப் பார்த்தேனோன்னு. அப்புறம் அந்தம்மா மருந்து குடுத்தீங்களான்னு கேட்டாங்க, வாய் தானா இல்லைன்னு சொல்லிடுச்சு. சொன்னதுக்கப்புறம் எப்படி மாத்தறது?"

அவளைத் திட்ட வாய் வந்தது. அவள் விரல்களில் தையல் ஊசி குத்திய தழும்புகளைப் பார்த்தேன். திட்டு வரவில்லை. அழுகையும் வரவில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நடு அறையில் நின்றேன்.

டாக்டர் திட்டவில்லை. "எத்தனை மணிக்கு வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். எட்டரை என்றாள் அக்கா. அதையும் எழுதிக்கொண்டார். "நல்லவேளை, இப்பவாவது தெரிஞ்சுது. நீங்க வெளிய இருங்க."

வராந்தாவில் நிற்கும்போது ஒல்ஃபா வந்தாள். இரவு உடுப்பின்மேல் என் பழைய கோட்டு, காலில் வீட்டுச் செருப்பு. டாக்சிக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தாராம்.

"ஐயோ, நாப்பது நாள் முடியலையே," என்றாள் அக்கா, பழக்கத்தில்.

"மிச்சப் பதினாறு நாளை இங்கயே இருந்துடறேன் அண்ணி," என்றாள் ஒல்ஃபா. பிறகு என்னிடம் மெதுவாக, "எத்தனைன்னு சொன்ன?"

"நீ சொன்னதைத்தான்."

அவள் என் கோட்டுக்குள்ளிருந்து கையை நீட்டி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் சிரீன் அழுதாள். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று முணுமுணுவென்று துவா ஓதினாள். அழுகை நின்றதும் இன்னும் பயமாக இருந்தது.

டாக்டர் வெளியே வந்தார். முதுகு நீர் பார்க்கத் தெளிவாக இருக்கிறது, முழு முடிவு வர இரண்டு நாளாகும். சிறுநீரில் மட்டும் கிருமி இருக்கிற அறிகுறி உண்டு. மருந்து ஏற ஆரம்பித்துவிட்டது. நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று கேட்டேன். "காரணம் கிடைச்ச மாதிரி இருக்கு. அது நல்லதுதான். ஆனா ரெண்டு நாள் கழிச்சுக் கேளுங்க," என்றார்.

பிற்பகல் மூன்று மணிக்கு பஸ்மா மறுபடி அளந்தாள். நான் பார்ப்பதற்காகத் தெர்மாமீட்டரை என் பக்கம் திருப்பினாள். முப்பத்தெட்டு புள்ளி ஆறு.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறியதைப் பார்த்து ஒரு தகப்பன் சந்தோஷப்பட்டான். ஒரு நொடிதான். அடுத்த நொடி என் கை தானாகப் போய் சிரீனின் நெற்றியைத் தொட்டது.

"என்னங்க, சிரிக்கிறீங்களா அழறீங்களா?" என்றாள் பஸ்மா.

"தெரியலைம்மா."

அவள் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய தாளில் எண்ணை எழுதினாள். அதற்கு மேலே டாக்டரின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: வீட்டில் 38.4, தாய் அளந்தது. ஒல்ஃபா அதைப் படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள். பிறகு குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, "அண்ணி, இந்தத் தலையணையை முதுகுக்குக் குடுங்க," என்றாள். அக்கா எழுந்து ஓடினாள்.

சிரீன் வாய் வைத்தாள். ஒன்று, இரண்டு என்று நான் எண்ணத் தொடங்கினேன். மூன்றாவது வாய்க்கும் விடவில்லை.