ஏழாவது குழிக்கு நான்கு

ஆட்டம் முடிந்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை, உதயகுமாரின் பெயர் ஸ்கோர் பலகையிலிருந்து போய்விட்டது. அடுத்த ஆண்டு முழுவதும் தொழில்முறை கோல்ஃப் போட்டிகளில் ஆடுவதற்கான தகுதிச் சுற்று. முதல் முப்பது பேருக்கு இடம். அவன் பதினொன்றாவதாக வந்திருந்தான்.

"ஏழாவது ஹோல்ல எத்தனை ஷாட்?" என்று கேட்டார் நடுவர்.

"அஞ்சு சார்."

நடுவர் அவனுடைய ஸ்கோர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். நான்கு என்றிருந்தது. கீழே அவனுடைய கையெழுத்து. அடித்ததைவிடக் குறைவான எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டால் நீக்கம்தான்.

உதயகுமார் தன் நோட்டைப் புரட்டினான். பதினான்கு வருடமாக ஒவ்வொரு அடியையும் நோட்டில் எழுதுகிறவன் அவன். எந்த மட்டை, எத்தனை கஜம், காற்று எந்தப் பக்கம் என்று எதையும் விடமாட்டான். இன்றைய பக்கத்திலும் ஏழாவது குழிக்கு நேரே ஐந்துதான்.

அட்டையை எழுதியவன் கூட ஆடிய அஜித்குமார். இந்த ஆட்டத்தில் ஒருவன் எண்ணிக்கையை மற்றவன்தான் எழுத வேண்டும். அவன் முகம் வெளுத்திருந்தது.

"மச்சான், தெரியாம எழுதிட்டேன்டா. கணக்கு வாத்தி, நீ ஒருவாட்டி ஒத்துப் பாத்திருக்கக் கூடாதா?"

"உன் எதிர்லயே எப்டிடா பாக்கறது?"

அவன் ஊரான லைட்ஹவுஸ் குப்பத்தில் மீனைப் பங்கு பிரிக்கும்போது, எண்ணுகிறவன் கையை யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் அவனைத் திருடன் என்றதாகும். உதயகுமார் ஒருநாளும் அட்டையைச் சரிபார்த்ததில்லை. இதுவரை தப்பும் வந்ததில்லை.

போன் அடித்தது. அப்பா சகாதேவன்.

"இன்னாடா, பேரக் காணோம்? உன் பொண்டாட்டி போன வச்சிக்கினு அழுவுது!"

நடந்ததைச் சொன்னான்.

"பாக்காமயா கையெழுத்துப் போட்ட?"

"எண்றவன் கையப் பாக்கக் கூடாதுன்னு நீதான நைனா சொன்ன?"

"அட, அந்தப் பழக்கம் போயி எட்டு வருசமாச்சிடா! சீனிவாசன் வலையில பங்கு பிரிக்கறப்ப அடிதடி ஆனதுலேர்ந்து ரெண்டு பேரு எண்றான், ஒருத்தன் எழுதறான். நானே குனிஞ்சி நின்னு பாக்கறேன். நீதான் ஊருக்கு வந்துக்கினு போயிக்கினு இருக்கியே, பாக்கலியா?"

உதயகுமார் ஊருக்குப் போகும்போதெல்லாம் கரையில் நின்று காற்றைக் குறித்துக்கொண்டிருப்பான். பங்கு பிரிக்க உட்கார்ந்தால், மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

"செரி வுடு. வர்ற வருசம் ஆடலாம்ல?"

"இல்ல நைனா," என்றான். "வர்ற வருசம் ஆடறதுக்குத்தான் இந்தப் போட்டியே."