எண்ணாமல் விட்ட மேடு

காலையில் தொல்லியல் அலுவலகத்தில் வரைபடத்தைச் சரிபார்த்தபோது அவள் மேடுகளை மறுபடி மறுபடி எண்ணினாள். வரலாறு எழுதப்படுவதற்கு முன்பே வாழ்ந்து மறைந்தவர்களைப் புதைத்த மண்மேடுகள். பாதுகாப்புப் பட்டியலுக்காக அவற்றை அளந்து, "ஆறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். வானிலிருந்து எடுத்த படத்திலோ ஏழு இருந்தன.

ஏழாவதை எப்படி விட்டாள்? அளவைக் கருவியை நிறுத்த உயரமான இடம் தேடி, அந்த மேட்டின் மேலேயே ஏறி நின்று மற்றவற்றை எண்ணியிருக்கிறாள். காலடியில் இருந்தது கணக்கில் வரவில்லை.

பட்டியலில் இல்லாத நிலத்தை இன்று சமப்படுத்துகிறார்கள். மண் அள்ளும் இயந்திரத்தை ஓட்டுவது அவள் கணவன். நான்கு முறை அழைத்தாள். இன்ஜின் சத்தத்தில் அவனுக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

அங்கே போய் ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு ஓடியபோது இரும்புக் கை மேட்டின் ஓரத்தில் ஒரு வாய் அள்ளியிருந்தது. குறுக்கே போய் நின்றாள். இயந்திரம் உதறி நின்றது.

"பைத்தியமா உனக்கு? ஒரு நொடி பிந்தியிருந்தா?" அவன் முகம் வெளுத்திருந்தது.

"இதுவும் சமாதிதாங்க. நான் எண்ணாம விட்டுட்டேன்."

காண்ட்ராக்டர் பட்டியலை ஆட்டியபடி வந்தார். "ஆறுன்னு நீங்களே போட்டிருக்கீங்களேம்மா. புருஷன் பொண்டாட்டி சண்டையை வீட்டுல வச்சுக்குங்க. நீ ஓட்டுப்பா."

"தப்பு என்னோடது, சார்."

"அதை உங்க அதிகாரி சொல்லட்டும்."

அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு அந்த அதிகாரியின் மேசையில்தான் இருந்தது. "யோசிச்சுக்கோ. மூணு வருஷம் காத்திருந்தோம்," என்றான் கணவன் மெதுவாக.

அவள் போனை எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். அதிகாரி சொன்னார்: "தடை உத்தரவோட வர்றேன், ஒரு மணி நேரம் ஆகும். உன் விளக்கத்தை எழுதி வை. உன் கோப்பு இப்போதைக்கு நகராது."

"ஒரு மணி நேரமா? இவன் ஓட்டலன்னா வேற வண்டி வரவழைச்சு முடிச்சிடுவேன்," என்றார் காண்ட்ராக்டர்.

கணவன் இன்ஜினைக் கிளப்பினான். அவள் மறுபடி மேட்டை மறைத்து நின்றாள். இயந்திரம் பின்னோக்கி நகர்ந்து, நிலத்துக்குள் வரும் ஒரே பாதையின் குறுக்கே நின்றது. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

"இன்ஜின் சூடாயிடுச்சு, சார். ஆற ஒரு மணி நேரமாகும்."

"இனிமே உனக்கு என்கிட்ட வேலை இல்ல."

"சரிங்க."

வந்து அவளருகே மண்ணில் உட்கார்ந்தான். "ஏழு வரைக்கும் எண்ணத் தெரியாதவளை என் தலையில கட்டிட்டாங்களே."

அவள் சிரிக்க முயன்று அழுதுவிட்டாள். விளக்கம் எழுத அவள் எடுத்த தாள் காற்றில் படபடக்க, அவன் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவள் எழுதத் தொடங்கினாள்.