இடது காது

உலகில் ஒருமுறை செய்ய முடிந்த எந்தப் பொருளையும் ஓசூரில் பத்தாயிரம் முறை செய்ய முடியும். இதை ஊர்ப்பற்றில் சொல்லவில்லை. மெக்கானிக்கல் நான்காம் ஆண்டு படிக்கிறவன் என்ற பொறுப்பில் சொல்கிறேன்.

என் அக்கா சத்யப்ரியா இதை ஏற்பதில்லை. ஜன்னலோரம் மேசை போட்டு, வெள்ளியில் கல் பதித்து நகை செய்கிறாள். ஒன்றைப் போல இன்னொன்று செய்யவே மாட்டாள். தோடு கேட்டு வருகிறவரை எதிரே உட்கார வைத்து, அரை மணி நேரம் காதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்குள் அவர்கள் தங்கள் வீட்டுக் கதை முழுவதையும் சொல்லி முடித்திருப்பார்கள்.

"காது ஜோசியம் முடிஞ்சுதா? அடுத்த டோக்கன் கூப்பிடட்டுமா?" என்பேன் நான்.

போன வாரம் அக்கா சர்வீஸ் ரோட்டில் ஸ்கூட்டியோடு விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு.

மூன்றாம் நாள் பக்கத்துத் தெரு காத்தூன் ஆன்ட்டி வந்து கைக்குட்டையைப் பிரித்தார். அக்கா அவருக்குச் செய்து கொடுத்த கோமேதகத் தொங்கட்டான்களில் ஒன்று, இடது காதுடையது, கம்பெனி பஸ் படியில் விழுந்து யாரோ காலில் மிதிபட்டிருந்தது. வெள்ளி நசுங்கிவிட்டது. கல் மட்டும் தப்பித்திருந்தது.

"ஞாயித்துக்கிழம ஹீனாவுக்கு நிக்காஹ், சத்யா. அவ அத்தா வாங்கி வச்ச கல்லு ரெண்டும். மக கல்யாணத்துல போட்டுக்கன்னு சொல்லிட்டுப் போய்ச் சேந்துட்டாரு. ஒத்தக் காதோட எப்படிம்மா நிப்பேன்?"

அக்கா மாவுக்கட்டைப் பார்த்தாள். "கையில்லியே ஆன்ட்டி."

"நான் செஞ்சு தரேன்," என்றேன். "ஒண்ணு என்ன, அஞ்சு."

"டேய், வராதுடா."

"ஏன் வராது? வலது காதோடது முழுசா இருக்கு. அளந்து, கம்ப்யூட்டர்ல திருப்பிப் போட்டா இடது. இதுக்கு எதுக்கு கை?"

"இடதுக்கு வேற மாதிரி வளைச்சேன்."

"எப்படி?"

மாவுக்கட்டுக்கு வெளியே விரல் நுனிகள் காற்றில் கொஞ்சம் அசைந்து நின்றன. "சொல்ல வரல. கைக்குத்தான் தெரியும்."

அதை வரைபடத்தில் எங்கே குறிப்பது என்று கேட்டேன்.

கல்லூரி லேபில் ஸ்கேன் எடுத்தேன். நண்பன் பிரதாப் மெழுகில் அச்செடுத்து, அவன் மாமா பட்டறையில் வெள்ளி ஊற்றித் தந்தான். ஐந்துக்கும் இடையே மயிரிழை வித்தியாசமில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஆன்ட்டி வந்தார். கல்லை மெழுகால் ஒட்டி, முதலாவதை மாட்டிப் பார்த்தோம். கல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கழுத்தைப் பார்த்தது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தும் ஒரே கோணத்தில் திரும்பின. தரக் கட்டுப்பாட்டில் அது பாராட்டத்தக்கது.

ஆன்ட்டி கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

"பரவால்ல தம்பி. முக்காடு போட்டா தெரியாது."

அவர் கொக்கியைக் கழற்றும்போதுதான் கவனித்தேன். இடது காது மடல் எப்போதோ கிழிந்து, தையல் போடப்பட்டிருந்தது. துளை ஓரமாக, வேறிடத்தில் இருந்தது.

"இது என்ன ஆன்ட்டி?"

"ஹீனா கைக்குழந்தையில புடிச்சு இழுத்துப்புட்டா. அன்னிக்கு ரத்தம் நிக்கவேயில்ல," என்று சிரித்தார்.

அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் சனிக்கிழமை ஒன்றுதான் இருந்தது.

டப்பாவிலிருந்து வெள்ளிக் கம்பி ஒரு துண்டு எடுத்தேன். முக்காலியை இழுத்துப் போட்டேன்.

"ஆன்ட்டி, இப்படி வெளிச்சத்துக்குத் திரும்பி உக்காருங்க."

"எவ்வளவு நேரம்பா?"

"தெரியல ஆன்ட்டி."

"சும்மாவா உக்காரணும்?"

"மாப்பிள்ளை வீட்டப் பத்திச் சொல்லுங்க."

அவர் தொடங்கினார். மாப்பிள்ளையின் அம்மா பிரியாணியில் குறை கண்டுபிடித்த இடம் வரும்போது மடல் லேசாக முன்னால் வந்தது. சிரித்தபோது பின்னால் போனது. கம்பியை எங்கே வளைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டு, முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்திக்கொண்டேன்.