பயந்துபோன வாசகி

வீரகத்தி தன் பேய்க்கதைத் தொகுப்பை மல்லாவி ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டு, ஒருவராவது பயந்தால் போதுமென்று காத்திருந்தார்.

"கிபிர் பிளேன் குண்டு போட்டிட்டுப் போன கையோட வாசிச்சனான் அண்ணை, நல்ல பகிடி," என்று சிரித்தான் மீன்காரன் மரியநேசன். பக்கத்து வீட்டு நிருஷனோ, நல்ல நித்திரை வந்ததென்று பாராட்டினான்.

இடம்பெயர்ந்து வந்த இரஞ்சிதம் மட்டும் பயந்துபோனதாகச் சொன்னாள். வீரகத்திக்கு உச்சி குளிர்ந்தது.

"எந்தக் கதை தங்கச்சி?"

"செத்தவர் வந்து வீட்டுக் கதவைத் தட்டுற கதை. என்ர மனுசன் செத்தாப் பிறகெல்லோ நாங்கள் இஞ்ச வந்தனாங்கள். ஆருமில்லாத வீட்டைத் தட்டிக்கொண்டு நிப்பாரோ அண்ணை?"

"பேயெல்லாம் சுத்தப் புளுகு தங்கச்சி," என்றார், அந்தப் புளுகை மினக்கெட்டு எழுதியவர்.

அவள் நம்பவில்லை. "இல்லை அண்ணை, வாசிக்கேக்க உண்மையாத்தான் கிடந்தது."