மிச்ச எட்டு

தாதியாகத் தொடர்ந்து இரண்டு டியூட்டி பார்த்துக் கால் வீங்கியிருந்த எனக்கு, அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் ஆறாம் கட்டில் பெரிய தலையிடி. படுத்திருந்த பொன்னம்பலம் ஐயாவில் பிழையில்லை. பாவம், நிமோனியாக் கிருமி இரத்தத்திலும் ஏறிவிட்டது. டொக்டர் சொன்னபடி ஒட்சிசனைக் குறைத்து, திரையில் இரத்த ஒட்சிசன் அளவு தொண்ணூற்றிரண்டில் நிற்கும்படி வைப்பேன். பார்வையாளர் நேரம் முடிந்து வந்தால் நூறு நிற்கும். சுவரில் உள்ள ஒட்சிசன் திருகு முழுக்கத் திறந்திருக்கும். என்னைப் போல வேறு மிஸி யாரோ கூட்டினாளாக்கும் என்று மூன்று நாள் பேசாமல் விட்டேன். அது என் பிழை.

நாலாம் நாள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று ஆளைப் பிடித்தேன். ஐயாவின் மனைவி, குணலட்சுமி டீச்சர்! கொக்குவிலில் எனக்குக் கணக்குப் படிப்பித்தவர். தொண்ணூற்றிரண்டு எடுத்த என்னை வகுப்பில் எழுப்பி, "மிச்ச எட்டும் எங்கை?" என்று கேட்ட அதே மனுசி.

"டீச்சர், உங்களுக்கென்ன விசரே?" வாய் தவறி வந்துவிட்டது.

"தொண்ணூற்றிரண்டு காணாது, பிள்ளை, போதவே போதாது. நூறு எடுக்கக்கூடிய மனுசனை ஏன் குறைச்சு வைச்சிருக்கிறியள்?"

"கடவுளே, இது சோதனைப் பேப்பரே? இவ்வளவு நோய் முற்றின வருத்தக்காரருக்கு ஒட்சிசன் கூடினால் அதுவே நுரையீரலை அரிக்கும். இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி."

அவருடைய கை இன்னும் திருகில்தான் இருந்தது.

"அப்ப... நான் செய்தது?"

நான் அவருடைய கையை விலக்கித் திருகைக் குறைத்தேன். அந்தக் களைப்பில் எனக்குக் கோபம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

அன்று பின்னேரமே ஐயாவுக்கு மூச்சு முட்டியது. தொண்டைக்குள் குழாய் போட்டுச் சுவாச மெஷினில் ஏற்றினோம். கிருமியாலா, திருகாலா என்று டொக்டராலும் சொல்ல முடியவில்லை. நடந்ததை, என் பிழையையும் சேர்த்து, எழுதிக் கொடுத்தேன்.

அதன்பிறகு டீச்சர் கட்டிலுக்குக் கிட்டப் போவதில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கால்மாட்டில் நின்று திரையையே பார்ப்பார். மெஷினில் இருக்கும்வரை எண்பத்தெட்டுக்குக் கீழே போகாவிட்டால் போதும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். குழாய் போட்ட ஐந்தாம் நாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"எண்பத்தெட்டு, பிள்ளை. காணுமோ?"

மிச்சப் பன்னிரண்டும் எங்கை என்று கேட்க நாக்குத் துடித்தது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது.

"காணும் டீச்சர். இண்டைக்கு இது காணும்."