அந்த வண்டியில் என்ன குறை?

அது வண்டியே இல்லை என்பது சுபத்ராவின் கட்சி. நூறு வருஷம் கழித்து வரவேண்டிய வண்டி இப்போதே வந்துவிட்டது என்பது அவள் புருஷன் உதயாவின் கட்சி. ஆரணியில் அந்த ஒற்றை அறை வீட்டில் அடுப்பு எரிந்ததோ இல்லையோ, சாயங்காலம் ஆனால் இந்த வழக்கு மட்டும் தவறாமல் நடந்தது.

வண்டி என்றால், எலக்ட்ரிக் பிக்கப். உதயாவின் செல்போனில் அதன் வீடியோ எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். வளைவு என்பது அதில் மருந்துக்கும் கிடையாது. தட்டை மூக்கு. கூரை நடுவில் கூம்பி நின்று, அங்கிருந்து பின்பக்கம் வரை ஒரே சரிவு. பெயிண்ட்கூட அடிக்காமல் எவர்சில்வர் தகடாக மினுங்கும்.

"இன்னா மாமா இது, பீரோவப் படுக்கப் போட்டு சக்கரம் மாட்டினா மாதிரி கீது?"

"பீரோவாவே இருக்கட்டுமே. கீறல் விழாது, துரு புடிக்காது. உனுக்கு இன்னாடி தெரியும்?"

"பாத்திரக் கடையில அண்டா இதவிட லட்சணமா கீது."

"அண்டாவுல அரிசி மூட்டை ஏத்திகினு போளூர் போவியா நீ?"

"இதுல மட்டும் ஏத்திடுவியாக்கும்! பின்னால தொட்டி சரிவா கீது. நாலு மூட்டைக்கு மேல அடுக்கினா நிக்குமா?"

இதற்குப் பதில் சொல்ல உதயா வாயைத் திறப்பான். திறந்த வாயில் ஒரு கரண்டி கஞ்சி போய்விடும். பதில் சொல்லும் அவசரத்தில் அவன் அதை மடக்கென்று விழுங்குவான். சண்டை முடியும்போது கிண்ணம் காலியாக இருக்கும். சுபத்ராவுக்கு வேண்டியது அந்தக் காலிக் கிண்ணம் மட்டும்தான்; வண்டி எக்கேடு கெட்டால் அவளுக்கென்ன?

உதயா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே லோடு வண்டி ஓட்டியவன். அரிசி மில் மூட்டை, தறி மரம், பட்டு சொசைட்டி சரக்கு என்று ஊரில் அவன் ஏற்றாதது இல்லை. ஒரு சொட்டு குடித்தறியாத மனுஷன். மஞ்சள் காமாலை என்று ஆரம்பித்தது, ஈரலையே தின்றுவிட்டது. தெருவில் பாதிப் பேர் குடிச்சிருப்பான் என்று பேசினார்கள். அந்த வாய்களை எந்தப் பூட்டு போட்டு மூடுவது? வேலூரில் பெரிய டாக்டர், வீட்டுக்கே அழைத்துப் போய்ப் பிடித்ததைக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓட்டிக்கொண்டிருந்த வண்டி வைத்தியத்துக்கே போய்விட்டது. இனிப் புது வண்டி என்பது நடக்காத காரியம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் அதை மட்டும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். கூப்பிட்டால் 'உம்', தட்டை நீட்டினால் 'வேணாம்'. டாக்டர் பிடித்ததைக் கொடுக்கச் சொன்னாரே, எதுவுமே பிடிக்காதவனுக்கு எதைக் கொடுப்பது? ஒருநாள் அவன் அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கையில் கிண்ணத்தோடு காத்து நின்ற எரிச்சலில், "இதுவும் ஒரு வண்டி, இதுக்கு ஒரு படம்" என்று அவள் முணுமுணுத்துவிட்டாள். அவ்வளவுதான். மனுஷன் கையை ஊன்றி எழுந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பேட்டரி என்ன, மோட்டார் என்ன, இழுவை என்ன என்று ஒரு பாட்டம் பொரிந்து தள்ளினான். பேச்சோடு பேச்சாகக் கஞ்சியும் உள்ளே போனது. சுபத்ரா கொல்லைப்பக்கம் போய் அந்தக் கிண்ணத்தைக் கழுவினாள். அட கடவுளே, இதுதானா சூட்சுமம்!

ஆனால் சண்டை போடவும் சரக்கு வேண்டுமே. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தறிக்காரர் வீட்டுக்கு நூலைக் குச்சியில் தாராகச் சுற்றிக் கொடுக்கும் வேலை. வண்டியில் முன்பக்கம் பின்பக்கம் தெரியும், அதற்கு மேல் தெரியாது. பீரோவும் அண்டாவும் எத்தனை நாளைக்கு ஓடும்? சுற்றிய தாரைக் கொடுக்கப் போகிற வழியில், கோட்டை மைதானத்து ஓரத்தில் லோடு வண்டி ஸ்டாண்டு. உதயா நின்ற ஸ்டாண்டு. துணிந்து போய் நின்றாள்.

"அண்ணே, அந்த எலக்ட்ரிக் பிக்கப்புல இன்னா கொறை?"

டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள். "தங்கச்சி வண்டி எடுக்கப் போவுதுடா!" என்றான் தங்கவேலு. அவள் சிரிக்கவில்லை.

"அவரு அந்த வண்டியப் பத்தி சண்டை போட்டாத்தான் ரெண்டு வாய் சாப்புடறாருண்ணே. எனுக்கு சண்டை போடத் தெரியல."

சிரிப்பு நின்றது. அவர்களில் மூத்தவன் துரை பீடியைக் கீழே போட்டு மிதித்தான். "உதயா வாய்க்காரனாச்சே. சொத்தைக் கொறையா சொன்னா மடக்கிடுவான். யோசிச்சுதான் குடுக்கணும்" என்றான்.

அன்றிலிருந்து ஸ்டாண்டுக்கு ஒரு புது வேலை வந்தது. சவாரி இல்லாத நேரத்தில் வட்டமாக உட்கார்ந்து, பார்த்தே இராத ஒரு வண்டியைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். சுபத்ரா வந்ததும் ஒரு குறையைக் கொடுத்து அனுப்பினார்கள். பக்கவாட்டுக் கதவு இறங்காது, மில்லில் ஆள் எப்படி மூட்டை இறக்குவான்? கயிறு கட்டக் கொக்கி இல்லை, தார்ப்பாயை எதில் இழுத்துக் கட்டுவது? சத்தமே இல்லாத வண்டிக்கு நம் தெரு மாடு விலகுமா? அவள் வழியெல்லாம் அதை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு ஓடுவாள், மறந்துவிடக் கூடாதே என்று.

உதயாவா விடுவான்! "தார்ப்பாய் எதுக்குடி? ஷட்டர் மாதிரி மூடி தானா இழுத்துக்கும்."

"மூட்டை மூடிக்கு மேல வந்துட்டா?"

"மேல வர்ற அளவுக்கு எவன் ஏத்தச் சொன்னான்? ஓவர்லோடு ஏத்தி ஏத்திதான் நம்ம ஊர்ல வண்டிங்க சாவுது."

"செரி, சந்தவாசல் போற வழியில சார்ஜ் தீந்துட்டா? வண்டிய இடுப்புல தூக்கி வச்சிகினு வருவியா?"

"உன்ன தள்ளச் சொல்லுவேன். தின்னுட்டு தெம்பாதானே கீற!"

அவன் அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தான். வியாதி வந்த பிறகு அவள் கேட்ட முதல் சிரிப்பு. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "உன் மூஞ்சி, உன் வண்டி, ரெண்டும் கோணல்" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுப் பரிமளா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில், "சாவக் கெடக்கற புருஷனாண்டகூட மல்லு கட்றாளே, இவ பொம்பளதானா?" என்று அவள் யாரிடமோ சொன்னது சுபத்ராவின் காதில் விழுந்தது. விழுந்தால் விழட்டும் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சொல்லி என்ன ஆகப்போகிறது?

சேவூர் ரோட்டில் ஒரு மில் முதலாளி அந்த வண்டியையே வாங்கி இறக்கியபோது ஸ்டாண்டு திமிலோகப்பட்டது. லோடு எடுக்கப் போன துரை, முதலாளியிடம் கேட்டு அதில் ஏறி உட்கார்ந்தே பார்த்துவிட்டான். அன்றைக்குச் சுபத்ரா வந்ததும் அவனால் வாயை அடக்க முடியவில்லை.

"தங்கச்சி, இன்னிக்கு குடுக்கறது கண்ணால பாத்த கொறை. உதயாவால பதிலே சொல்ல முடியாது. கேபின் இடுப்பு உசரத்துல கீது. ஏறப் படி இல்ல, புடிக்கக் கம்பி இல்ல. கால நல்லா தூக்கி ஒரு எம்பு எம்பினாத்தான் உள்ள போவலாம். நாள் பூரா ஏறி எறங்கற டிரைவருக்கு அது ஆவுமா?"

பதில் சொல்ல முடியாத குறை! சுபத்ராவுக்குத் தலைகால் புரியவில்லை. இதை வைத்து ஒரு வாரம் ஓட்டலாம் என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர, அந்த வார்த்தைகளை ஒரு தரமாவது நிதானித்துப் பார்த்தாளா? அவளும் பார்க்கவில்லை, துரையும் பார்க்கவில்லை. ஒருவனைப் பேச வைக்கும் ஆசையில் இரண்டு பேருக்கும் கண் மறைத்துவிட்டது.

கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "மாமா, உன் வண்டி வண்டவாளம் தெரிஞ்சிடுச்சு. துரையண்ணன் ஏறியே பாத்துட்டாரு" என்று ஆரம்பித்து, இடுப்பு உயரம், படி இல்லை, கம்பி இல்லை, காலைத் தூக்கி எம்ப வேண்டும் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாள். "இப்ப இன்னா சொல்ற? சொல்லு, சொல்லு."

உதயா வாயைத் திறந்தான். பிறகு தன் கால்களைப் பார்த்தான். லுங்கிக்குக் கீழே அவை வீங்கி, தோல் பளபளத்துக் கிடந்தன. விரலால் அழுத்தினால் பள்ளம் மேலே வர நேரமாகும். காலையில் அந்தக் கால்களை அவள்தான் கட்டிலிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் கீழே வைத்திருந்தாள்.

"நீ சொல்றது கரெக்ட்டுதான் சுபா" என்றான். "அது நமக்கு ஆவாது."

 "இன்னா மாமா, இவ்ளோ சீக்கிரம் உட்டுக் குடுத்துட்ட? ஒரு படி அடிச்சிக்கலாமே. பஸ் ஸ்டாண்டாண்ட வெல்டிங் கடையில சொன்னா ஜல்தியா அடிச்சித் தருவாங்க."

"வேணாம்."

"கம்பிகூட வச்சிக்கலாம் மாமா."

அவன் சரிந்து படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். செல்போன் தலைமாட்டிலேயே கிடந்தது. கிண்ணத்தில் கஞ்சி ஆடை கட்டியது. வழக்கில் அவள் ஜெயித்துவிட்டாள். இப்படி ஒரு ஜெயிப்பு எந்தப் பாவிக்கும் வரக்கூடாது.

மறுநாள் அவள் தார் சுற்றவில்லை. வெறுங்கையோடு ஸ்டாண்டுக்குப் போனாள். தங்கவேலு தூரத்திலேயே பார்த்துவிட்டு, "வா தங்கச்சி, இன்னிக்கு டயர பத்தி ஒரு கொறை கீது" என்றான்.

"கொறை வேணாம்ணே" என்றாள் சுபத்ரா. "அந்த வண்டியில நல்லது ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க."

என்ன நடந்தது என்று துரை கேட்டான். அவள் சொன்னாள். அவன் அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "ஐயோ, நான்தானே எடுத்துக் குடுத்தேன். இந்த வாயில தீய வைக்க" என்றான்.

 இத்தனை நாள் திட்டித் தீர்த்த வண்டியில் நல்லது என்ன என்று கேட்டால் சட்டென்று எங்கே போவது? கடைசியில் தங்கவேலுதான் தொண்டையைச் செருமினான். "பொகை வராது. அது ஒண்ணு சொல்லலாம்." இன்னொருவன், "டீசல் செலவு இல்ல" என்றான். "எறக்கத்துல எறங்கசொல்ல சார்ஜ் தானா ஏறுதாம்" என்றான் துரை, தலையை நிமிர்த்தாமலே. "சீட்டு நல்லா மெத்துனு கீது தங்கச்சி. முதுகு வலிக்காது. உதயா உக்காந்தான்னா எழுந்துக்கவே மாட்டான்னு சொல்லு." 

அவள் எல்லாவற்றையும் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினாள். கஞ்சியைச் சூடு பண்ணினாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"மாமா, நேத்து நான் சொன்னதெல்லாம் தப்பு. அந்த வண்டியில பொகையே வராதாம்."

"ஆமா."

"சீட்டு மெத்துனு கீதாம். முதுகு வலியே வராதாம்."

"ஆமா."

கரண்டியை உதட்டருகே கொண்டுபோனாள். உதடு திறக்கவில்லை. அவன் கண் அவளைத்தான் பார்த்தது, ஆனால் அதில் சண்டைக்காரன் இல்லை.  வண்டியைப் பற்றி ஒருவன் தப்பாகப் பேசினால் பந்தியில் பாதியில் எழுந்து வந்து திருத்துகிறவன் இவன். அதையாவது தொட்டுப் பார்க்கலாம் என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டாள்.

"அதுக்கு சார்ஜே போட வேணாமாம் மாமா. வெறும் காத்துலயே ஓடுமாம். ஆத்து வெள்ளத்துல எறக்கினாக்கூட மெதந்துகினே சந்தவாசல் போய்ச் சேந்துடுமாம்."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஆமா" என்றான் உதயா.

கரண்டி அவள் கையிலிருந்து நழுவிக் கிண்ணத்தில் விழுந்தது. "பொய்யி மாமா! நான் சொன்னது பூரா பொய்யி. காத்துல ஓடற வண்டி எங்கியாச்சும் கீதா? என்னிய லூசுன்னு திட்டு மாமா. உனுக்கு இன்னாடி தெரியும்னு கேளு. ஒரே ஒரு தரம் இல்லன்னு சொல்லு." அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். தோளில் எலும்பு மட்டும்தான் இருந்தது. பரிமளா கேட்டால் கேட்கட்டும், தெருவே கேட்டால் கேட்கட்டும் என்று வாய்விட்டு அழுதாள்.

உதயா கையை மெல்ல எடுத்து அவள் தலைமேல் வைத்தான்.

"ஆமா சுபா" என்றான்.