கொம்பு ஊதாத வாய்க்கால்

கிளிமஞ்சாரோவின் சரிவில் எங்கள் வாழைத்தோட்டங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலை வெட்டியவர் என் பாட்டனார். அதனால் தலைமடை மதகும், தூர்வாரக் கூப்பிடும் மான்கொம்பும் எங்கள் மாதேரு வீட்டைச் சேர்ந்தவை. வேறு எவரும் அந்தக் கொம்பை வாயில் வைத்ததில்லை.

ஒரு பாசனப் பருவத்தில் முதல் கொம்புக்குப் பக்கத்துத் தோட்டத்து கிசாங்கா வரவில்லை. வீட்டில் வாழைப்பழக் கள் குடித்துக்கொண்டிருந்தான். ஆனால் அவன் தோட்டத்துக்கும் தண்ணீர் பாய்ந்தது. மதகடியில் கூடியிருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். அடுத்த கொம்புக்கு என் வீட்டாரைத் தவிர ஒருவரும் வரவில்லை. வாழை வாடியது. பயந்துபோய் மூன்றாம் கொம்புக்கு ஊரே வந்து மண்வெட்டியோடு மண்வெட்டி இடித்தது. "இவ்வளவு பேர் இருக்காங்களே, நான் எதுக்கு வந்தேன்?" என்று ஒவ்வொருவனும் முணுமுணுத்தான். நான்காம் கொம்புக்கு மறுபடி யாரும் இல்லை.

பருவம் முடிந்ததும் பாசனச் சபை வந்து பார்க்கும். கடைமடைக்குத் தண்ணீர் போகாவிட்டால் மதகு வேறு குலத்துக்குப் போய்விடும்.

"இன்னும் பலமா ஊதறேன்," என்றேன்.

"ஊதி ஊதி உங்க கன்னம்தான் வீங்கும், மாமா," என்றாள் மருமகள் ஐகேலி. அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது. "கொம்பு சத்தம் கேட்டா எல்லாரும் ஒரே எடத்துல கூடறாங்க. யாரு ஏமாத்தினான்னு ஒண்ணாப் பாக்கறாங்க, ஒண்ணாவே மனசையும் மாத்திக்கறாங்க. வாய்க்கால்ல ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு நாள்னு பிரிச்சுக் குடுங்க. ஒருத்தன் ஏமாத்தினா பக்கத்துல இருக்கறவனுக்கு மட்டும் தெரியட்டும்."

"அப்போ கொம்பு?"

"சுவத்துல தொங்கட்டும். அழகாத்தானே இருக்கு?"

இரண்டு நாள் கொம்பைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். பிறகு யோசித்தேன். கொம்பு போனால் ஒரு சத்தம் போகும். மதகு போனால் பாட்டனாரின் பெயரே போகும். துண்டுகளைப் பிரித்துச் சொல்லி அனுப்பினேன். முதல் நாளை எனக்கே வைத்துக்கொண்டேன். மற்றவனைப் பார்த்து நடக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

நான் வாரிய துண்டு முடியும் இடத்தில் கிசாங்காவின் துண்டு தொடங்குகிறது. என் பக்கம் தரை தெரிந்தது. அவன் பக்கம் சேறு. தண்ணீர் அவன் எல்லையில் வந்து தேங்கி நின்றது.

வேலியோரம் அவன் வந்தான். "என்ன பெரியவரே, கொம்பு சத்தமே காணோம்? மூச்சு வாங்குதா?"

"எனக்கு மூச்சு இருக்கு. நாளைக்கு உன் நாள். தண்ணி எங்க நிக்குதுன்னு உன் பொண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டவா?"

"ஐயோ, அவ கிட்ட வேணாம்!" மறுநாள் விடியும் முன்பே அவன் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்லமாட்டேன். நடுமடையில் ஒருவன் சோம்பினான். அதைப் பார்த்து அடுத்தவனும் சோம்பினான். அதற்கும் அடுத்தவன் தன் நாளுக்கு முன்பே துண்டை வாரி முடித்திருந்தான். நோய் அங்கேயே நின்றது. இருபுறமும் துப்புரவாகக் கிடக்க, நடுவில் தங்கள் சேறு மட்டும் தெரிவதைப் பொறுக்காமல், சோம்பிய இருவரும் மண்வெட்டியோடு இறங்கினார்கள்.

சபையார் வந்தபோது கடைமடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"கொம்பு ஊதாமலே ஊரை வேலை வாங்கிட்டீங்களே! யாரோட யோசனை?" என்றார் தலைவர்.

"மாதேரு வீட்டு யோசனை," என்றேன்.

பின்னால் ஐகேலி இருமினாள்.

"எங்க வீட்டு மருமக," என்று சேர்த்துச் சொன்னேன். மதகு எங்களிடமே இருக்கிறது.